விளக்கு எரியாத பெட்டிக்கு ஒரு ஞானத்தகப்பன்

"கண்ணாடிப் பொட்டி எனக்குன்னு போன வாரமே சொல்லிட்டேன்! நடுவுல பூந்து கேக்கறதுக்கு நீ யாரு?"

"சொன்னா ஆச்சா? நான் பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். நீ வாயை வெச்சுக்கிட்டு நிக்கற."

"யாரைப் பாத்து வாயிங்கற? உன் ஓட்டை மினிபஸ்ல ஏறி இறங்கினவங்க இடுப்பைக் கேளு, யாருக்கு வாய் இருக்குன்னு சொல்லும்!"

முதலில் கத்தியவள் தோன்யா ஸெனோபியா. உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. எட்டு மடிப்புப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாக அவள் தெருவில் நடந்தால் கழுதைகூட ஒதுங்கும். பதில் கத்தியவர் தோன் ரோமுலோ. ஒரு மினிபஸ்ஸுக்குச் சொந்தக்காரர்; பேச்சு மட்டும் பத்து மினிபஸ்ஸுக்குச் சொந்தக்காரர் மாதிரி. இடம், எதிர்வீட்டுப் பாசிலியாவின் முற்றம். நடுவில் பாசிலியாவின் மகள் எல்வியா, இரண்டு பேருக்கும் இடையே கையை நீட்டியபடி, "அக்கா… அண்ணே… அக்கா…" என்று பந்தாட்டம் பார்ப்பவள் போலத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மலை உச்சியில் இருக்கும் எல் ஆல்டோவில் எங்கள் தெருச் சண்டை என்றால் நாய்க்காக வரும், குப்பைக்காக வரும். ஒரு கம்ப்யூட்டரின் வெளிக்கூட்டுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்தியது அதுதான் முதல் தடவை. நான் கடையைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். வேடிக்கை பார்க்க வந்தேன் என்று நினைக்கக்கூடாது. எனக்கு அங்கே உரிமை உண்டு. நான் மவுஸுக்கு ஞானத்தாய்.

விஷயம் இதுதான். எல்வியாவுக்கு வேலை திருவிழா வீடியோ எடுப்பது. இந்த ஊரில் மாதாவுக்காகத் தெருவில் ஆடினால் மட்டும் போதாது. ஆடியது பெரிய திரையில் ஓட வேண்டும், அதைப் பார்த்து, "பாரு, அவ கால் தப்பா வெச்சா" என்று ஊர் பேச வேண்டும். எல்வியா நன்றாகவே எடுப்பாள். அவளுடைய கம்ப்யூட்டர்தான் நோயாளி. மூடிப்போன ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து வாங்கியது. ஒரு காட்சியை வெட்டச் சொல்லிவிட்டு அடுப்பில் உருளைக்கிழங்கு வைத்து, வெந்து, உரித்துச் சாப்பிட்டு வந்தால் பாதி வெட்டியிருக்கும். எங்கள் உயரத்தில் உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரமாகும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் விழாத் தலைவர் தம்பதிக்கும், வழக்கமாக வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரருக்கும் மனஸ்தாபம். வேலை எல்வியாவிடம் வந்தது. ஒரே நிபந்தனை: விழா முடிந்து எட்டாம் நாள் விருந்தில் படம் மண்டபத்தில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. பியூனஸ் அயர்ஸில் தையல் பட்டறை நடத்தும் அத்தை, "மெஷின் ஒண்ணு காலியா இருக்கு, பஸ் டிக்கெட் நான் போடறேன்" என்று வாராவாரம் போன் செய்துகொண்டிருந்தாள். எல்வியா பதினேழு வயதில் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தவள். அதைப் பற்றி யார் கேட்டாலும், "அங்க ஜன்னல் கெடையாது" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வாள். நான் எவ்வளவோ நோண்டிப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் வராது.

ஆகவே கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். சேமிப்பைப் போட்டுப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவிட்டாள். மிச்சத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்று. கை காலியாகிவிட்டது. இன்னும் ராம் வேண்டும். அதைவிட முக்கியமாகப் புது பவர் சப்ளை வேண்டும். பழையதால் அந்தக் கார்டுக்குத் தீனி போட முடியாது. வெளிக்கூடு மாற்ற வேண்டியதே இல்லை, பக்கத் தகடு இல்லாத பழைய இரும்பே போதும் என்றாள். "நம்ம ஊர்ல காத்தே மெலிசு, மூடினா சூடு எங்கம்மா போகும்?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் அம்மா பாசிலியா உள்ளே புகுந்தாள்.

"சொந்தக் காசுல யாருடி எதைப் பண்றாங்க? ஞானத்தகப்பன் தேடுவோம்."

அவள் சொன்னது தப்பில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணக் கேக்குக்குச் செலவு செய்ய ஒரு ஞானத்தகப்பன், பீருக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர், கூரைத் தகரத்துக்குக்கூட ஒருவர். கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? பாசிலியா கூடையில் ரொட்டி, வாழைப்பழம், பீர் பாட்டில் எல்லாம் முறைப்படி அடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். செய்த தப்பு வேறு. எல்லோருக்கும் புரியட்டும் என்று, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக எரிகிற ஒரு கம்ப்யூட்டரின் படத்தைப் போனில் எடுத்துப் போய்க் காட்டினாள்.

அவ்வளவுதான். கேக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் குழந்தைகள் நிற்பது போல நின்றார்கள். ஞானத்தகப்பன் ஆகிறவனுக்குத் தன் பொருள் ஊர் கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் அது தானமா, நஷ்டமா? தெருக் கால்பந்துச் சங்கம் ராம் வாங்கித் தருவதாகச் சொன்னது, சங்கத்தின் நிறத்தில் அது எரியும் என்றால். கண்ணாடிக் கூட்டுக்கு ஸெனோபியாவும் ரோமுலோவும் அடித்துக்கொண்டதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். கடைசியில் கூடு ஸெனோபியாவுக்கு. ரோமுலோ வீம்புக்கு வண்ண விளக்கு விசிறிகள் ஆறு வாங்கினார்.

"மூணு போதும் அண்ணே," என்றாள் எல்வியா.

"என் மினிபஸ்ல முன்பக்கம் மட்டும் அஞ்சு விளக்கு இருக்கு. இதுல மூணு வெச்சா என்னைப் பாத்து சிரிக்க மாட்டானுங்க?"

ஆக, கூட்டுக்கு ஆள் கிடைத்தது, விசிறி வந்தது, ராம் வந்தது, என் மவுஸ் வந்தது. எது இல்லாமல் இதெல்லாம் வெறும் பொம்மையோ, அது வரவில்லை. பவர் சப்ளைக்கு ஆள் தேடி பாசிலியா அலைந்தாள். கடைவாசலில் நின்று நானே இரண்டு தடவை காதால் கேட்டேன்.

"அது என்னது?"

"கரண்ட் குடுக்கற பொட்டி."

"எங்க இருக்கும்?"

"அடியில. மேல மூடி போட்டிருக்கும்."

"விளக்கு?"

"கெடையாது."

"அப்ப நான் யோசிச்சுச் சொல்றேன்."

ஸெனோபியா ஒரு யோசனை சொன்னாள். "பழசையே மாட்டேன்டி."

"பழசு இந்தக் கார்டைத் தாங்காது அக்கா. வெடிச்சிரும்."

"வெடிக்கும்போது விளக்கு எரியுமில்ல, அப்ப யாராவது ஞானத்தகப்பனா வருவான்."

விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அத்தை பஸ் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டதாகத் தகவல். அப்போதுதான் கோழிக்கடை சத்துர்னினோ தானாகவே வந்து பாசிலியாவின் கதவைத் தட்டினார். தெருவில் அவரைவிடக் கருமி கிடையாது. கடையில் ஆள் நுழைந்தால் பல்பைத் திருகிப் போடுவார், வெளியே போனால் திருகிக் கழற்றுவார். மனைவி இறந்து பல வருடம். அந்தக் கல்லறைக்கும் பூவைப் பாதி விலைக்கு, சாயங்காலம் வாடிய பிறகுதான் வாங்குவார் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை, ஸெனோபியா பார்த்திருக்கிறாள்.

"அந்தப் பொட்டியை யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க," என்றார்.

"ஆமா," என்றாள் பாசிலியா, குரலே எழும்பாமல்.

"பாக்க மாட்டாங்கன்னா எவ்வளவு மலிவா வேணா வாங்கலாம். நான் வாங்கித் தரேன்."

பாசிலியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மலிவா வாங்கினா என் பொண்ணு தையல் மெஷின்ல போயி உக்காருவா. சந்தைக்கு நானும் வரேன்."

வியாழக்கிழமைச் சந்தைக்கு எல்வியா, பாசிலியா, சத்துர்னினோ மூன்று பேரும் புறப்பட்டார்கள். நானும் போனேன். மவுஸுக்கு ஒரு ரப்பர் பாய் வாங்க வேண்டியிருந்தது.

எங்கள் சந்தையில் கிடைக்காதது பெற்ற தாய் மட்டும்தான். காரின் கதவுகளுக்கும் கல்யாண கவுன்களுக்கும் நடுவில் நீலத் தார்ப்பாய் விரித்து, பவர் சப்ளைகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தாள் ஒருத்தி. எல்வியா காதோரம் சொன்னாள்: "தூக்கிப் பாருங்க மாமா. லேசா இருந்தா உள்ள ஒண்ணும் இருக்காது. கனமா இருந்தா நல்லது."

தூக்கிப் பார்ப்பது சத்துர்னினோவுக்கு வேலையே. ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, கோழியை ஏந்துவது போலவே இரண்டு தடவை குலுக்கி, லேசானதை எல்லாம் ஒதுக்கினார். கடைசியில் ஒன்று கிடைத்தது. நல்ல கனம், விலையும் சொற்பம். முகம் மலர்ந்தது. பர்ஸுக்குக் கை போனது. பாதி வழியில் கை நின்றது.

"இது ரொம்ப கனமா இருக்கே."

"கனம்தானே வேணும்?" என்றாள் பாசிலியா.

"இல்ல. இது கனமா இருக்கணும்னே கனமா இருக்கு."

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"நான் கோழிக்கு ஊசில தண்ணி ஏத்தறவன். எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. எங்கள் தெரு முழுவதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததை நடுச்சந்தையில், என் முன்னால் சொல்லியிருக்கிறார். என் முன்னால்! நான் ஒன்றும் பேசவில்லை. வேண்டிய அளவு தெருவுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

எல்வியா நாலு திருகாணியைக் கழற்றினாள். உள்ளே மூலையில், பசை போட்டு ஒட்டிய ஒரு சிமெண்டுக் கட்டி.

"இது என்ன, கசேரா?" என்று கேட்டார் சத்துர்னினோ. சந்தையில் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்போம், பெண் என்றால் கசேரா, ஆண் என்றால் கசேரோ, சண்டை போடும்போதும்.

கடைக்காரி அசரவில்லை. "அது ஆடாம அசையாம நிக்கறதுக்கு, கசேரோ."

"நிக்கும் நிக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் என் மச்சான் எங்க வீட்டுல நின்ன மாதிரி நிக்கும். நல்லதை எடு. எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். நானும் நல்ல கோழியை ஸ்டூலுக்குப் பின்னாலதான் வெப்பேன்."

அவள் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தாள். ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்தது. பழையது, ஆனால் பிராண்டு சரியானது, உள்ளேயும் சரியானது. எல்வியா கையில் வாங்கியதுமே முகம் தெளிந்தது. விலையைக் கேட்டதும் சத்துர்னினோ முகம் இருண்டது. பேரம் ஆரம்பித்தது. நாங்கள் வாங்கி வைத்த வேர்க்கடலை சூப் ஆறி ஆடை கட்டியது. அவர் போவதாகத் திரும்பினார், அவள் கூப்பிடவில்லை. அவரே திரும்பி வந்தார். அவள் தன் பிள்ளைகள் பட்டினி என்றாள். அவர் தன் கோழிகள் பட்டினி என்றார். கடைசியில் முன்பு எடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு முடிந்தது. அந்தக் குளிரிலும் பணம் எடுக்கும்போது அவர் நெற்றியில் வேர்வை. பாசிலியா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பாசிலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் பாசிலியா மெதுவாகக் கேட்டாள். "அப்ப இத்தனை வருஷமா நான் வாங்கின கோழி?"

சத்துர்னினோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்களுக்குக் கொஞ்சமாத்தான் ஏத்தினேன்."

எல்வியா இருமினாள். எனக்கு இருமல்கூட வரவில்லை.

விழா நடந்தது, எல்வியா மூன்று நாளும் கேமராவும் கையுமாக ஓடினாள். ஸெனோபியாவின் கண்ணாடிக் கூடு கடைசியில்தான் வந்து சேர்ந்ததால், செவ்வாய்க்கிழமைதான் எல்லாவற்றையும் பூட்ட முடிந்தது. பூட்டியதும் பட்டனை அழுத்தி வேலையைத் தொடங்கலாம் என்றால், ஞானப் பெற்றோர் விடுவார்களா? புது வீடு, புது மாடு, புது வண்டி எதுவானாலும் பூமித் தாய்க்கு ஒரு வாய் ஊற்றி, காகிதச் சுருள் கட்டி, சால்யா சடங்கு செய்யாமல் யார் தொடுவார்?

"தரையில மட்டும் ஊத்துங்க," என்று எல்வியா ஆளாளுக்குச் சொன்னாள். "மெஷின் மேல ஒரு சொட்டு படக்கூடாது."

ஸெனோபியா மேஜையின் நாலு கால்களிலும் சுத்தமான ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சங்கத்துப் பையன்கள் காகிதத் துணுக்கு தூவினார்கள். நான் மவுஸுக்கு ஒரு ரிப்பன் கட்டினேன். விளக்குகள் எரிந்தன. தேர் மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த அழகைப் பார்த்து ரோமுலோவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் மினிபஸ்ஸுக்கு வருடாவருடம் செய்வது போலவே பீர் பாட்டிலை மேலும் கீழும் குலுக்கிக் கட்டை விரலை எடுத்துவிட்டார்.

"அண்ணே!" என்று எல்வியா கத்தினாள்.

நுரை மேல்பக்க விசிறிகள் வழியாக நேரே உள்ளே இறங்கியது. 'பட்' என்று ஒரு சத்தம். ஆறு விசிறியும் நின்றன. தேர் இருண்டது.

எல்வியா கம்பியைப் பிடுங்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. பாசிலியாதான் அழுதாள், அழுதுகொண்டே ரோமுலோவைத் துடைப்பத்தால் அடித்தாள். "என் பொண்ணைப் பஸ் ஏத்திட்டியே பாவி!" அவர் வாங்கிக்கொண்டார். அடிக்கு நகராத ரோமுலோவை அன்றுதான் பார்த்தேன்.

எல்வியா எழுந்தாள். "ஸெனோபியா அக்கா, அந்த ஆல்கஹால் பாட்டில் இன்னும் இருக்கா?"

"குடிக்கப் போறியாடி?"

"கழுவப் போறேன்."

ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, பீர்ப் பிசுக்கை அந்தச் சடங்கு ஆல்கஹாலில் தூரிகை தொட்டுத் துடைத்தாள். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய்க் கம்பளி விரித்துப் பரப்பினாள். உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் கருவாடாக்கும் வெயில் எங்கள் வெயில், பீரை விட்டுவைக்குமா? ஞானப் பெற்றோர் அவரவர் பொருளுக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தார்கள். ஸெனோபியா கண்ணாடிக்குக் குடை பிடித்தாள், எதற்கென்று யாருக்கும் தெரியாது. ரோமுலோ புறா விரட்டினார். சத்துர்னினோ தன் பெட்டியின் மேல் தொப்பியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பாசிலியா எல்லோருக்கும் சூடாகச் சோளக் கஞ்சி கொண்டுவந்தாள். அவருக்கு மட்டும் பொரித்த ரொட்டி ஒன்று கூடுதலாக.

மதியம் தாண்டித் திரும்பப் பூட்டினாள். பட்டனை அழுத்தினாள். ஒரு முனகல், பிறகு விசிறிகள் சுற்றின, திரையில் படம் வந்தது. மாடியிலிருந்து தெருவரை கூச்சல்.

"எப்படிடி பொழைச்சுது?" என்றேன்.

"இந்தப் பவர் சப்ளைதான். உள்ள ஈரம் பட்டு கரண்ட் தப்பா ஓடினதும் தானா மூடிக்கிச்சு. அந்த சிமெண்டுக் கட்டிப் பொட்டியா இருந்தா எல்லாத்தையும் எரிச்சிருக்கும்."

ஸெனோபியா தலையை ஆட்டினாள். "ஆபத்துன்னு தெரிஞ்சதும் மூடிக்கறதுல ஞானத்தகப்பனையே உரிச்சு வெச்சிருக்கு."

சத்துர்னினோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"விளக்கு ஏன் எரியல?" என்றார் ரோமுலோ, சன்னமாக.

"விளக்குப் பகுதி மட்டும் செத்துப்போச்சு அண்ணே. ராம்லயும் எரியாது. மத்தபடி எல்லாம் வேலை செய்யுது."

"ஒரு விளக்குகூட?"

"ஒண்ணுகூட."

ஸெனோபியா தன் கண்ணாடிக் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இப்ப பாத்தா தண்ணியில்லாத மீன்தொட்டி மாதிரி இருக்கு," என்றாள். ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

எட்டாம் நாள் விருந்தில் படம் ஓடியது. ஒரு இடத்திலும் திக்கவில்லை. விழாத் தலைவரின் மனைவி தான் ஆடியதைப் பார்த்துத் தானே அழுதாள். படத்தின் கடைசியில் ஞானப் பெற்றோர் பெயர்கள் வந்தன, ஆடியவர்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். என் பெயரும் வந்தது, மவுஸோடு. சத்துர்னினோ பெயர் மட்டும் இல்லை. அவரே வேண்டாம் என்றாராம். "பேரைப் போட்டா நாளைக்கு எவனாவது பிரிட்ஜுக்கு ஞானத்தகப்பனா வான்னு கூடையைத் தூக்கிட்டு வருவான்."

அன்று மண்டபத்திலேயே இன்னும் இரண்டு நடனக் குழுக்கள் எல்வியாவுக்கு முன்பணம் கொடுத்தன. மறுநாள் அத்தையின் போன் வந்தபோது நான் உப்புக் கொடுக்கப் போயிருந்தேன். எல்வியா, "அந்த மெஷினை வேற யாருக்காவது குடுங்க அத்தை," என்றாள். போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள், அந்தக் குளிரில்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பாசிலியாவும் சத்துர்னினோவும் அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஞானத்தகப்பன் உறவுமுறை ஆகிறது, கல்யாணம் செய்தால் பாவம் என்று ஸெனோபியா பாதிரியார் வரைக்கும் போனாள். அப்படி ஒரு பெட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தன் நினைவில் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். கேக்குக்கு ஒருவர், பேண்டுக்கு ஒருவர், பீருக்கு இரண்டு பேர் என்று கல்யாணச் செலவு முழுக்க ஞானத்தகப்பன்கள் தலையில். மாப்பிள்ளை அன்று சிரித்தது போல என்றும் சிரித்ததில்லை. ரோமுலோ மினிபஸ்ஸை விற்றுவிட்டு மகனோடு சாந்தா குரூஸுக்குப் போய்விட்டார். அங்கே வெயில் தாங்கவில்லை என்று போனில் புலம்புகிறார். எல்வியா பெரிய வீதிப் பக்கம் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக் குடிபோய்விட்டாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டிரோன் பறக்கவிடும் ஒரு பையன் அந்த மாடிப்படியில் அடிக்கடி ஏறுகிறான் என்று மட்டும் தெரியும். பையன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.